பிள்ளை வளர்ந்த வருடம்

போன மாதம், இங்கே கனடாவில், மார்க்கம் நகரத்திலிருந்து என் ஒன்றுவிட்ட தங்கச்சி போன் எடுத்தாள். "அக்கா, எங்கட சின்னவள் ஃபிகர் ஸ்கேற்றிங் பழகப் போறன் எண்டு ஒற்றைக்காலில நிக்கிறாள். விடலாமோ? எவ்வளவு காசு முடியும்?" காசு, நேரம், கோச், சப்பாத்து என்று அரை மணித்தியாலம் கதைத்தேன். போனை வைத்த பிறகுதான், சொல்லியே ஆக வேண்டிய ஒன்றை விட்டுவிட்டேன் என்று உறைத்தது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பிள்ளை திடீரென்று உயரும். ஐஸில் வழுக்கி ஆடும் இந்த விளையாட்டில் அதுதான் பெரிய சோதனை. எங்களுக்கு அதை ஒருவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் மகளுக்கு இப்போது 18 வயது. ஐந்து வயதில், ஸ்காபரோ சிவிக் சென்ரருக்குப் பக்கத்தில் இருக்கும் அல்பேர்ட் கம்பெல் சதுக்கத்து ஐஸில்தான் முதன்முதல் கால் வைத்தாள். இவர், என் கணவர், அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு போக, நான் தேத்தண்ணிப் போத்தலோடு வெளியே நின்று பார்த்தேன். விழுந்தாள், எழும்பினாள், திரும்பவும் விழுந்தாள். அழவில்லை. அடுத்த கிழமையே கான்ஸ்கேற் வகுப்பில் பதிந்துவிட்டோம்.

கான்ஸ்கேற் என்பது ஸ்கேற் கனடா அமைப்பு நாடு முழுக்க நடத்தும் ஆரம்பப் பயிற்சி. மொத்தம் ஆறு படிகள். ஒவ்வொரு படியிலும் சமநிலை, கட்டுப்பாடு, சுறுசுறுப்பு என்று மூன்று பிரிவு. ஒரு பிரிவு முடித்தால் ரிபன், படி முடித்தால் பட்ஜ். ஐந்தாம் படி முடியும் வரைக்கும் சிஎஸ்ஏ என்ற கனடியத் தர முத்திரை உள்ள ஹொக்கி ஹெல்மெற் கட்டாயம். சைக்கிள் ஹெல்மெற்றைக் கொண்டுபோனால் ஐஸில் இறங்க விடமாட்டார்கள். இந்தக் கட்டத்தில் பெரிய செலவு இல்லை. பிள்ளை ஆசைப்பட்டால் விடுங்கள், யோசிக்க ஒன்றுமில்லை.

செலவு தொடங்குவது அதற்கடுத்த, ஸ்ரார் என்ற பயிற்சிப் படிகளில்தான். ஒன்றிலிருந்து ஐந்து வரைக்கும் கோச்சே பிள்ளையை மதிப்பிடுவார். அதற்கு மேலே போனால் மதிப்பிடத் தனியாக ஆள் வருவார். இரண்டாம், மூன்றாம் படிப் போட்டிகளில் முதலாம் இடம், கடைசி இடம் என்று ஒன்றும் கிடையாது. பிள்ளை எட்டிய தரத்துக்கேற்ப ஒரு ரிபன் கொடுப்பார்கள், அவ்வளவுதான். எங்கள் ஆட்களில் சிலருக்கு இது பிடிப்பதில்லை. "அப்ப ஆர் வெண்டது?" என்று கேட்பார்கள். எனக்கு அந்த இரண்டு வருடமும் மிகவும் பிடித்திருந்தது. பிள்ளை தன் ஆட்டத்தை மட்டும் பார்த்தாள், மற்றப் பிள்ளைகளோடு சிநேகிதமாக இருந்தாள்.

சப்பாத்தும் அதன் அடியில் பூட்டும் இரும்புத் தகடான பிளேட்டும் தனித்தனியாக வாங்க வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். சப்பாத்து எங்கள் ஒன்ராறியோ மாகாணத்து ஜாக்சன் கொம்பனியுடையது. பிளேட், இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்து ஜோன் வில்சன். கடைக்காரர் சப்பாத்தைச் சூடாக்கி, அந்தச் சூட்டோடு மகளின் காலில் மாட்டி, இறுக்கிக் கட்டி, ஆறும்வரை அசையாமல் இரு என்றார். பிளேட்டைத் திருப்பிப் பிடித்து அடியைப் பாருங்கள். நீளத்துக்கு ஒரு சின்ன வாய்க்கால் ஓடும். அதன் இரண்டு கரையும்தான் உள்விளிம்பு, வெளிவிளிம்பு. ஸ்கேற்றிங் முழுக்க அந்த இரண்டு கரையில்தான் நடக்கிறது. நடுவில் நின்று யாரும் ஒன்றும் செய்வதில்லை. ஐஸை விட்டு வந்ததும் ஈரம் போகத் துடைக்காவிட்டால் துருப்பிடித்துவிடும். அந்தத் துடைக்கிற வேலையை முதல் நாளிலிருந்தே பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள்.

அதன் பிறகு எங்கள் வீட்டு நாள் விடிய நாலரைக்குத் தொடங்கியது. ஆறு மணிக்கு ஐஸ். காரில் புட்டும் முட்டைப்பொரியலும். அரீனாவுக்குள் போனால் ஸம்போனி வண்டி ஐஸை மழித்து, சுடுதண்ணி விட்டுக்கொண்டு சுற்றிவரும். புது ஐஸ் கண்ணாடி மாதிரி இருக்கும், மேலே மெல்லிதாக ஆவி பறக்கும். அதில் மகள் இறங்கி இழுக்கும் முதல் கோட்டைப் பார்க்க, நித்திரை எல்லாம் பறந்துவிடும். பத்து வருடம் பார்த்தும் எனக்கு அலுக்கவில்லை.

பரதமும் பழகினாள். அரைமண்டியில் இருந்து ஆடிவிட்டு வந்து ஐஸில் பாய, முழங்கால் இரண்டு பக்கமும் அடி வாங்கியது. பதினொரு வயதில் இரண்டில் ஒன்றைத்தான் தொடரலாம் என்று வந்தபோது ஸ்கேற்றிங்கை எடுத்தாள். அரங்கேற்றம் பார்க்கக் காத்திருந்த அம்மம்மாவுக்கு அது பெரிய கவலை.

பாய்ச்சல்கள் ஆறு வகை. டோ லூப், சால்க்கோவ், லூப், ஃபிளிப், லட்ஸ், அக்ஸல். முதல் ஐந்தும் பின்பக்கமாக வழுக்கிவந்து பாய்வது. அக்ஸல் மட்டும் முன்பக்கம் பார்த்தபடி பாய வேண்டும். இறங்குவதோ எல்லாவற்றிலும் பின்பக்கமாகத்தான். அதனால் அக்ஸலில் ஓர் அரைச் சுற்று கூட வரும். ஒற்றை அக்ஸல் ஒன்றரைச் சுற்று, டபிள் அக்ஸல் இரண்டரை. 1882 இல் இதை முதலில் பாய்ந்தவர் நோர்வேக்காரரான அக்ஸல் பவுல்சன், பெயர் அவருடையது. ஒன்றரைச் சுற்றைப் பிடிக்கவே பல பிள்ளைகளுக்கு ஒரு வருடத்துக்கு மேலாகும். என் மகள் பன்னிரண்டு வயதில் மற்ற ஐந்தையும் டபிளாகப் பாய்ந்துகொண்டிருந்தாள். 2020 தை மாதம் இடுப்பில் பட்டி கட்டி, மேலே இருந்து வரும் கயிற்றைக் கோச் பிடிக்க, டபிள் அக்ஸலும் தொடங்கினாள். அந்தக் கோடையில் வந்துவிடும் என்று எல்லாரும் நினைத்தோம்.

பங்குனியில் கோவிட். அரீனாக்கள் மூடின. குசினிக் கதவு நிலையில் பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் பென்சிலால் உயரம் குறிப்பது எங்கள் வழக்கம். அந்த வருடம் வேறு வேலை இல்லாததால் மாதாமாதம் குறித்தோம். கார்த்திகைக்குள் எட்டு சென்ரிமீற்றர் ஏறியிருந்தாள். அந்தக் கோடுகளைப் பார்த்துச் சந்தோஷப்பட்டோம். இவர் படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினார்.

திரும்ப ஐஸில் இறங்கியபோது டபிள் லட்ஸ் இல்லை. ஃபிளிப் இல்லை. ஒவ்வொன்றாகப் போய்விட்டது. காற்றில் இருக்கும்போதே உடம்பு விரிந்து, பக்கவாட்டில் விழுந்தாள். காரணம் எளிது, ஆனால் அப்போது எனக்கு விளங்கவில்லை. சின்ன உடம்பு கையைக் காலை ஒடுக்கிக்கொண்டால் பம்பரம் மாதிரிச் சுற்றும். கையும் காலும் நீண்டு, இடுப்பு அகன்றபின், அதே நேரத்துக்குள் அதே சுற்று முடியாது. பாயும் பலம் வளர்ச்சியோடு கூடவே வராது, பிந்தித்தான் வரும். அந்த இடைவெளிக்குள் பிள்ளை தவிக்கிறது.

அப்போதிருந்த கோச் இதை மனத்தைரியப் பிரச்சினையாகப் பார்த்தார். ஒரு பயிற்சிக்கு நாற்பது தடவை பாயச் சொன்னார். அரீனாவில் இன்னொரு பிள்ளையின் தாய் என் பக்கத்தில் வந்து, "சாப்பாட்டைக் கொஞ்சம் பாருங்கோ" என்றார். நான் பார்த்தேன். இரண்டு கிழமை அவளுடைய சோற்றைக் குறைத்தேன். பிள்ளை ஒன்றும் கேட்காமல் சாப்பிட்டு எழும்பினாள். அவள் அப்படிக் கேட்காமல் எழும்பியதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு அடைக்கும்.

ஒருநாள் பின்னேரம் அவள் படிக்கட்டில் ஒவ்வொரு படியாக, கைப்பிடியைப் பிடித்துப் பக்கவாட்டில் இறங்குவதைக் கண்டேன். முழங்கால் சில்லுக்குக் கீழே அரை எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம். தொட விடவில்லை. எவ்வளவு நாளாக நோகிறது என்று கேட்டேன். "கனநாளா, அம்மா. சொன்னா நிப்பாட்டிப் போடுவீங்கள்."

டொக்டர் அழுத்திப் பார்த்த உடனேயே ஒஸ்குட்-ஷ்லாட்டர் என்றார். வளர்கிற வயதில் ஓடிப் பாயும் பிள்ளைகளுக்கு வருவது. தொடைத் தசையின் நார் முழங்காலுக்குக் கீழே எலும்பில் பிடிக்கும் இடம் இன்னும் முற்றாமல் இருக்கும். ஒவ்வொரு பாய்ச்சலும் அந்த இடத்தை இழுக்க, வீங்கி நோகும். வளர்ந்து முடிந்தால் பெரும்பாலும் தானாக அடங்கிவிடும், அதுவரை பாய்ச்சலைக் குறைக்க வேண்டும் என்றார். அப்புறம் என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு மகளோடு தனியாகக் கதைத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, சாப்பாடு போதவில்லை என்று நேராகச் சொன்னார். இவ்வளவு பயிற்சி செய்கிற பெண்பிள்ளை வயிறாரச் சாப்பிடாவிட்டால் மாதவிடாய் குழம்பும், எலும்பு பலம் குறையும், முறிவு வரும். பெண்பிள்ளையை ஐஸுக்கு அனுப்பும் ஒவ்வொரு தாயும் இதை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

கோச்சை மாற்றினோம். புதிதாக வந்தவர் முதல் நாளே நான்கு மாதத்துக்குப் பாய்ச்சல் இல்லை என்றார். மகள் அன்றைக்குக் காரில் வாய் திறக்கவில்லை. ஆனால் அந்த நான்கு மாதம்தான் அவளை ஸ்கேற்றராக்கியது என்று நான் நம்புகிறேன். ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு மாறுவது, முன்னிருந்து பின்னுக்குத் திரும்புவது, ஒரே வட்டத்தின் மேல் திரும்பத் திரும்பப் போய் பழைய கோட்டிலேயே பிளேட்டை வைப்பது. கோச் கண்ணை மூடிக்கொண்டு கேட்கச் சொன்னார். விளிம்பு சரியாகப் பிடித்தால் துணி கிழிகிற மாதிரி ஆழமான ஒரு சத்தம் வரும். பிசகினால் ஐஸைச் சுரண்டும் சத்தம். சில கிழமையில் எனக்கே வித்தியாசம் விளங்கியது. பரதத்தில் பழகிய கையும் கண்ணும் அந்த நாட்களில்தான் ஐஸுக்கு வந்தன. ஒரு நாள் அம்மம்மா வீடியோவைப் பார்த்துவிட்டு, "இப்பதான் பிள்ளை வடிவா ஆடுறாள்" என்றார்.

2022 மாசியில் பீஜிங் ஒலிம்பிக்கை இரண்டு பேருமாக இருந்து பார்த்தோம். ரஷ்யாவின் கமிலா வலியேவாவுக்கு அப்போது 15 வயது. குறுகிய ஆட்டத்தில் முதலிடம், பிறகு நீண்ட ஆட்டத்தில் திரும்பத் திரும்ப விழுந்து அன்றைக்கு மொத்தத்தில் நான்காம் இடம். ஊக்கமருந்துச் சர்ச்சை, கமராக்கள், அந்தச் சின்ன முகம். என் மகளுக்கும் ஏறக்குறைய அதே வயது. நடுவில் எழும்பிப்போய் அறைக் கதவைச் சாத்திவிட்டாள். அந்த ஆனியில் சர்வதேச ஸ்கேற்றிங் சம்மேளனம், பெரியவர்கள் பிரிவில் ஆட ஆகக் குறைந்த வயதை 15 இலிருந்து படிப்படியாக 17 ஆக்கத் தீர்மானித்தது. என் மகள் அந்த மட்டத்துக்குப் போகப் போவதில்லை. இருந்தும் அந்தச் செய்தியைக் கேட்டபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. வளராத உடம்பைத் தேடி ஓடுவதில் பிழை இருக்கிறது என்று பெரிய இடத்திலேயே ஒத்துக்கொண்டார்கள் அல்லவா? மகளுக்கு நான் காட்டியது எங்கள் கனடா ஸ்கேற்றர் கெயிட்லின் ஒஸ்மண்டை. 2014 இல் கால் முறிந்தது. 2018 இல், 22 வயதில், உலகச் சம்பியன்.

2022 இலையுதிர்காலத்தில் மகள் பிறீ-நோவிஸ் என்ற இளையோர் போட்டிப் பிரிவில் ஆடினாள், டபிள் அக்ஸலோடு. போட்டி முடிந்ததும் தரும் புள்ளித்தாளை வாசிக்கப் பழகிக்கொள்ளுங்கள், இடத்தைப் பார்ப்பதைவிட அது முக்கியம். டபிள் அக்ஸலின் அடிப்படைப் புள்ளி 3.3. அரைச் சுற்றோ அதற்கு மேலோ குறைந்தால் பக்கத்தில் இரண்டு அம்புக்குறி போட்டு, அதை ஒற்றை அக்ஸலாகக் கணக்கெடுப்பார்கள்: 1.1. அதைவிடச் சின்னக் குறைக்கு ஓர் அம்புக்குறி, எண்பது வீதம்: 2.64. முதல் போட்டியில் அவளுக்கு இரண்டு அம்பு, விழுந்தும் விட்டாள். மார்கழியில் ஓர் அம்பு. அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, "அம்மா, ஒண்டு குறைஞ்சிட்டுது" என்றாள்.

2023 மாசி. வேறொரு நகரத்து அரீனா, வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. வீணை இசைக்கு ஆடினாள். பாவாடை ஓரத்துக் கற்களை மூன்று இரவு இருந்து நான்தான் தைத்தேன். மூலையால் வளைந்து வந்து, முன்பக்கம் திரும்பி, இடது காலில் ஒரு கணம் நின்றாள். அந்த நிற்றல் முன்பு இருந்ததில்லை. மேலே போனாள். இறங்கிய சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கை தரையைத் தொடவில்லை, வலது கால் பின்பக்கமாக நீளமாக ஓடியது. இவர் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்துவிட்டது.

தாளில் டபிள் அக்ஸலுக்குப் பக்கத்தில் ஒரு குறியும் இல்லை. 3.30. ஏழாம் இடம். அந்தத் தாள் இப்போது குசினிக் கதவு நிலையில், 2020 பென்சில் கோடுகளுக்கு மேலே ஒட்டியிருக்கிறது.

இன்னும் இரண்டு பருவம் ஆடினாள். பிறகு பல்கலைக்கழகம் தொடங்கும்போது, போட்டி போதும் என்று தானாகவே சொன்னாள். நான் ஒரு நாள் அழுதேன், அவள் அழவில்லை. சனிக்கிழமை காலையில் கான்ஸ்கேற் வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்குப் பழக்குகிறாள். முழங்காலில் இருந்துகொண்டு ஒவ்வொரு பிள்ளையின் சப்பாத்துக் கயிற்றையும் இழுத்துக் கட்டி, "நோகுதா? நோகுதெண்டா சொல்ல வேணும், சரியா?" என்று கேட்கிறாள். தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழில், மற்றவர்களுக்கு ஆங்கிலத்தில்.

தங்கச்சி, சனிக்கிழமை சின்னவளைக் கூட்டிக்கொண்டு வா. மகள் ஒன்பது மணிக்கு அங்கே நிற்பாள். கையுறையும் தடித்த காற்சட்டையும் எங்களிடம் இருக்கிறது. ஹெல்மெற் மட்டும் புதிதாக வாங்கு.