ஆறாம் வகுப்பின் முதல் இரண்டு வாரங்கள்

டெக்சாஸில் பள்ளிகள் ஆகஸ்ட் நடுவிலேயே திறந்துவிடும். இங்கே ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு வாசிப்பு ஆசிரியையாகச் சேர்ந்தபோது எனக்குப் பழக நாளானது ஒரே ஒரு விஷயம்தான்: முதல் இரண்டு வாரம் பாடமே பெரிதாக நடக்காது. வகுப்பில் எப்படி இருப்பது என்பதுதான் பாடம்.

தமிழ்நாட்டில் பிள்ளைகள் இருந்த இடத்திலேயே இருப்பார்கள், ஆசிரியர்கள் மாறி மாறி வருவார்கள். இங்கே அறை ஆசிரியருடையது. மணி அடித்ததும் பிள்ளைகள்தான் ஓட வேண்டும். போன வருடம் வரை தொடக்கப் பள்ளியில் ஒன்றிரண்டு டீச்சரிடமே வளர்ந்த பதினொரு வயதுப் பிள்ளைகள். அடுத்த அறை எதென்று தெரியாமல் வராந்தாவில் கண் கலங்கி நிற்பார்கள். அதனால் நான் வாசலிலேயே நின்று, பெயர் சொல்லி உள்ளே அழைப்பேன். வந்ததும் எங்கே உட்காருவது, நோட்டு எந்தத் தட்டில் இருக்கும், எல்லாவற்றையும் செய்து காட்டிவிட்டு அவர்களைச் செய்யச் சொல்வேன். சரியாக வராவிட்டால் எல்லோரும் வெளியே போய் மறுபடி வருவோம். நாடக ஒத்திகை மாதிரிதான், அதில் கோபத்துக்கு இடமில்லை.

கைபேசிக்காக மல்லுக்கட்ட வேண்டியதில்லை. பள்ளி நேரம் முழுக்க அதைப் பயன்படுத்தக் கூடாது என்று 2025இல் மாநிலச் சட்டமே வந்துவிட்டது.

அப்புறம்தான் வாசிப்புக்கு வருவேன். என் வகுப்பில் நான் முதலில் சொல்வது, யாரையும் திடீரென்று எழுப்பி உரக்க வாசிக்கச் சொல்ல மாட்டேன் என்பது. நம் ஊரில் ஒருவர் எழுந்து வாசிக்க, மற்றவர்கள் விரல் வைத்துத் தொடர்வோம். திக்கினால் பின்பெஞ்சிலிருந்து சிரிப்பு வரும். இங்கே என் வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள். சொற்களை வாசிக்கவும் எழுத்துக்கூட்டவும் சிரமம் தரும் டிஸ்லெக்சியா உள்ளவர்களும் உண்டு. உடல்நலக் குறைபாடோ கற்றல் குறைபாடோ உள்ள பிள்ளைகளின் கல்விக்கு 1975இலேயே தேசியச் சட்டம் வந்த நாடு இது; அப்படிப்பட்ட ஒவ்வொருவருக்கும் தனித் திட்டம் எழுதப்பட்டிருக்கும். கூடுதல் நேரம், ஒலிநூல், முன்வரிசை என்று அதில் உள்ளதைப் பள்ளி திறக்கும் முன்பே படித்துவிடுவேன். வெட்கப்பட்ட பிள்ளை புத்தகத்தைத் தொடாது. என் விதிகள் எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன.

அமைதியாக வாசிக்கும் நேரத்தை ஐந்து நிமிடத்தில் தொடங்கி, மெல்ல மெல்ல இருபது வரை கொண்டுபோவோம். ஒரு பையன் தடித்த கற்பனை நாவலை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்துப் பெண் தாள் திருப்பும்போதெல்லாம் தானும் திருப்பினான். கண் வரிகளில் இல்லை. அருகில் உட்கார்ந்து, "இதுவரைக்கும் என்ன நடந்திருக்கு?" என்று மெதுவாகக் கேட்டேன். "என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் இதைத்தான் படிக்கிறாங்க, மிஸ்" என்றான். பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் வைத்துவிடலாம், ஏன் வைத்தோம் என்று ஒரு வரி எழுதினால் போதும் என்பது எங்கள் விதி. அவனுக்குக் கால்பந்து வீரர்களைப் பற்றிய படக்கதை ஒன்று எடுத்துக் கொடுத்தேன். மணி அடித்த பிறகும் அவன் எழவில்லை.

பெற்றோரைச் சந்திக்கும் மாலையில் தமிழ்க் குடும்பங்கள் கேட்பது பெரும்பாலும் மார்க் பற்றித்தான். அந்தக் கவலை எனக்குப் புரியும். ஆனால் ஒரு அம்மா, வீட்டில் மகளோடு ஸ்பானிஷில் வாசித்தால் அதுவும் வாசிப்பாகச் சேருமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். தாராளமாக என்றேன். பக்கத்தில் நின்ற தமிழ் அப்பா உடனே, "அப்ப தமிழ்லயும் படிக்கலாமா டீச்சர்?" என்றார். வீட்டுக்கு அனுப்பும் தாளில், தினமும் இருபது நிமிடம் எந்த மொழியிலும் வாசிக்கலாம் என்று இப்போது அச்சிட்டே கொடுக்கிறேன்.