ஷ்பையர் யூதக் குடியிருப்பு மாதிரி: கிணறு வரைக்கும் வந்தாச்சு

ஜெர்மனியின் ஷ்பையர் நகரில் இடைக்காலத்தில் இருந்த யூதக் குடியிருப்பைச் சிறு மாதிரியாகச் செய்துகொண்டிருக்கிறேன். அதில் யூதத் தொழுகைக் கூடத்தின் கிழக்குச் சுவர் காய்ந்துவிட்டது. 1104இல் திறந்த கூடம் அது. 1689இல் பிரெஞ்சுப் படை ஊரைக் கொளுத்தியதில் போனது போக, நிமிர்ந்து நிற்பதில் முக்கியமானது இந்தச் சுவர்தான். வேலை சுலபம். பிடுங்கி எடுத்தது பக்கத்திலிருக்கும் மிக்வே, அதாவது சடங்குக் குளியலுக்கான கிணறு.

12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோண்டியது, ஆழம் சுமார் 10 மீட்டர். 1:50 அளவில் 20 செ.மீ. அதனால் முழு மாதிரியையும் ஒரு பிளைவுட் பெட்டிமேல் தூக்கி வைக்க வேண்டியதாயிற்று. குடத்தில் மொண்டு ஊற்றிய நீர் சடங்குக்கு ஆகாது, தானாக ஊறியதுதான் வேண்டும். ரைன் கரை ஊரில் ஊற்று கண்ணில் படும்வரை தோண்டியிருக்கிறார்கள்.

கிணற்றை நெடுக வெட்டி உள்ளே தெரியும்படி வைத்திருக்கிறேன். சன்போர்டின் (நுரை அட்டை) மேல்தாளை உரித்துவிட்டு, மை தீர்ந்த ரீஃபில் முனையால் அழுத்தினால் கல் வரிசை அச்சாக விழுகிறது. மேலே காவி கலந்த சாம்பல் போஸ்டர் கலர். அடியில் வளைந்திறங்கும் படிகளை ஒவ்வொன்றாக விசிறிபோல வெட்டி அடுக்கினேன். தண்ணீருக்கு எபாக்சி ரெசின். ஒரே தடவையில் ஊற்றினால் சூடேறி போர்டு நெளியும், மெல்லிசாகப் பல அடுக்கு ஊற்றுவதே நல்லது. அந்தக் கல்வேலையின் நேர்த்தியைப் பார்த்து, ஊரின் கிறிஸ்தவப் பேராலயத்தைக் கட்டிய கொத்தர்களே இங்கும் வேலை பார்த்திருக்க வேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

“மதில் எங்கே?” என்று கேட்டார் ஒரு நண்பர். நியாயமான கேள்வி. 1084இல் ஆயர் ரூடிகர் யூதர்களை வரவழைத்து, கும்பல் தொல்லை தராதபடி மதிலும் எழுப்பித் தந்தார். ஆனால் அது வடக்கே பழைய ஷ்பையரில் இருந்த முதல் குடியிருப்பு; நான் செய்வது பேராலயத்தை ஒட்டியது. ஆயரை வள்ளலாகப் பார்க்கவும் எனக்கு மனசில்லை. யூதர்கள் வந்தால் ஊரின் பெருமை ஆயிரம் மடங்காகும் என்று சாசனத்திலேயே எழுதியவர், ஆண்டுக்கு மூன்றரை பவுண்டு காசும் கேட்டு வாங்கினார். 1096இல் சிலுவைப்போர்க் கும்பல் வந்தபோது 11 பேர் கொல்லப்பட்டார்கள். மற்றவர்களை அடுத்த ஆயர் ஜான் காப்பாற்றினார். 1349இல் கொள்ளைநோய்க்குப் பழி சுமத்தித் தாக்கியபோது ஊரின் யூதக் குடியிருப்பே அழிந்தது.

அடுத்து, 13ஆம் நூற்றாண்டில் ஒட்டிக் கட்டிய பெண்கள் கூடம். வழிபாடு காதில் விழுவதற்காக நடுச்சுவரில் விட்ட குறுகலான திறப்புகளை வெட்ட, கட்டருக்குப் புது பிளேடு வாங்க வேண்டும்.