கால்குலேட்டரைத் திறந்து வைத்து ஆடினால் ஏமாற்றா?

முறை வைத்து ஆடும் உத்தி விளையாட்டு எதை எடுத்தாலும் இந்தச் சண்டை உண்டு. ஒருவர் பக்கத்து விண்டோவில் டேமேஜ் கால்குலேட்டரை, அதாவது ஒரு அடி எவ்வளவு சேதம் செய்யும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும் டூலை, திறந்து வைத்துக்கொண்டு ஆடுகிறார். எதிராளிக்கு அது எப்படியோ தெரிந்துவிடுகிறது, உடனே சாட்டில் "இது ஏமாற்று வேலை" என்கிறார். இவர் "இலவசமாகக் கிடைக்கிறதுதானே, நீயும் திறந்து வைத்துக்கொள்ளேன், யார் தடுத்தது" என்கிறார். அப்புறம் ஆட்டத்தை யாரும் கவனிப்பதில்லை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு டூலைத் தனியாக எடுத்து வைத்து இது நியாயமா அநியாயமா என்று கேட்டால் பதில் கிடைக்காது. அந்த ஆட்டம் ஆடுபவரிடம் எதைச் சோதிக்கிறது, கடிகாரம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது, இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஏதாவது சொல்ல முடியும். இதில் கடிகாரத்தைப் பற்றி யாருமே பேசுவதில்லை என்பதுதான் என் பெரிய குறை.

வழக்கமாக எல்லாரும் நீட்டும் அளவுகோல் பேப்பரும் பேனாவும். கையால் எழுதிக் கண்டுபிடிக்க முடிந்ததை மென்பொருள் செய்து கொடுத்தால் தப்பில்லை என்பது வாதம். ஹார்த்ஸ்டோன் என்ற கணினிச் சீட்டாட்டத்தில் டெக் டிராக்கர் பொறுத்துக்கொள்ளப்பட்டதே இந்தக் கணக்கில்தான். என் சீட்டுக்கட்டில் 30 சீட்டு, அதில் எவை வெளியே வந்துவிட்டன, எவை பாக்கி என்பதை ஒரு துண்டுச் சீட்டில் யாரும் குறித்துக்கொள்ளலாம். அந்தக் குறிப்பை ஒரு புரோகிராம் எடுத்தால் என்ன கெட்டுவிடப் போகிறது? சரி, அங்கே இது பொருந்துகிறது.

இரண்டுக்கு இரண்டாக மோதும் போகிமான் டபுள்ஸ் போட்டிக்கு இதே அளவுகோலைக் கொண்டுபோனால் அப்படியே உடைந்துவிடுகிறது. அதில் ஒவ்வொரு அடியின் பலமும் 85 முதல் 100 சதவீதம் வரையிலான 16 எண்களில் ஏதோ ஒன்றால் பெருக்கப்படும். அதனால்தான் கால்குலேட்டர் "ஒரே அடியில் விழ 81.3 சதவீதம் வாய்ப்பு" என்கிற மாதிரி விநோதமான எண்ணைக் காட்டுகிறது, அந்த 16 எண்களில் 13-ல் எது வந்தாலும் எதிராளி விழுந்துவிடும் என்பதுதான் அதற்கு அர்த்தம். அடுத்தடுத்து இரண்டு அடி என்றால் 256 சேர்க்கை. இதற்கு நடுவே தட்பவெப்பம், கையிலிருக்கும் பொருள், வகைப் பொருத்தம் எல்லாம் தனித்தனியாகப் பெருக்கப்பட்டு, பல படிகளில் முழு எண்ணாக்கப்படுகின்றன. இதைப் பேப்பரில் போட முடியுமா என்றால் முடியும். ஆனால் அதிகாரபூர்வப் போட்டிகளில் ஒரு முறைக்குக் கிடைப்பது 45 விநாடி. களத்தில் உங்களுடையவை இரண்டு, எதிராளியுடையவை இரண்டு, ஒவ்வொன்றுக்கும் நான்கு தாக்குதல், இதை 45 விநாடியில் பேப்பரில் போடுகிறவர் யாராவது இருந்தால் அவருக்கு நான் இப்போதே தோற்றுவிடுகிறேன்.

ஆக "பேப்பரில் செய்யலாம்" என்பது நேரம் தாராளமாக இருக்கும் ஆட்டத்துக்கு மட்டும் உண்மை. ஒரு நாளைக்கு ஒரு மூவ் மட்டும் வைக்கும் ஆட்டத்தில் கால்குலேட்டர் எனக்கு மிச்சப்படுத்துவது சலிப்பை மட்டும்தான், கணக்கை எப்படியும் போட்டிருப்பேன். 45 விநாடி ஆட்டத்தில் அதே கால்குலேட்டர் இல்லாத நேரத்தை எனக்கு உண்டாக்கிக் கொடுக்கிறது. எதிராளி மதிப்பிட வேண்டியிருக்கும் இடத்தில் நான் தெரிந்துகொண்டு ஆடுகிறேன். டூல் ஒன்றேதான், அது செய்யும் வேலை வேறு. நேரடிப் போட்டிகளில் ஆட்டத்தின்போது போன், கணினி எதையும் தொடக்கூடாது என்று வைத்திருப்பதும், ஷோடவுன் என்ற இணையப் போகிமான் தளத்தின் தரவரிசை ஆட்டங்களில் (லேடர்) கால்குலேட்டரை யாரும் கண்டுகொள்ளாமல் இருப்பதும் முரண்பாடு மாதிரித் தோன்றும். லேடரில் எதிராளியின் திரையை யாரும் போய்ப் பார்க்க முடியாது என்பதால் வந்த சமரசம் அது, அவ்வளவுதான். பிடிக்க முடியாததை எல்லாருக்கும் திறந்துவிடுவதும் ஒருவகை நியாயம்தான், அதை நான் குறை சொல்லவில்லை.

அடுத்தது, ஆட்டம் எதைச் சோதிக்கிறது என்பது. இதை நான் பார்த்தவரை மிகத் தெளிவாக எழுதி வைத்திருப்பவர்கள் பிரிட்ஜ் சீட்டாட்டக்காரர்கள். ஏலம் கேட்கும்போதும் ஆடும்போதும் நினைவுக்கோ கணக்குக்கோ ஆட்ட நுட்பத்துக்கோ எந்த உதவியும் ஒருவருக்கு உரிமையில்லை என்கிறது அவர்களுடைய 40-வது சட்டம், போட்டிக்கு விதி வகுக்கும் அமைப்பு தனியாக அனுமதித்தால் ஒழிய. இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, உங்கள் ஜோடியின் ஏல முறையை விவரிக்கும் அட்டையை எதிராளிகள் தங்கள் முறை வரும்போது எடுத்துப் பார்க்கலாம், ஆனால் ஏலம் தொடங்கிவிட்டால் ஆட்டம் முடியும்வரை நீங்கள் பொதுவாக அதைப் பார்க்கக்கூடாது! உங்கள் தகவல் எதிராளிக்குத் திறந்தே இருக்க வேண்டும், உங்கள் ஞாபகம் உங்கள் தலைக்குள்ளேயே இருக்க வேண்டும். மறைப்பதும் கூடாது, ஊன்றுகோலும் கூடாது. வீடியோ கேம் போட்டி நடத்துபவர்களில் பாதிப் பேர் இதைப் படித்திருந்தால் நம் விதிப்புத்தகங்கள் இவ்வளவு குழப்பமாக இருக்காது.

நினைவு, கணக்கு, நுட்பம் என்ற இந்த மூன்று பெட்டிகளில் டெக் டிராக்கர் முதல் பெட்டி, டேமேஜ் கால்குலேட்டர் இரண்டாவது. மூன்றாவது பெட்டிதான் விஷம். என்ன ஆட வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கும் எல்லாம் அதில் அடக்கம்: செஸ் எஞ்சின், போக்கர் சால்வர், இப்போது திரையைப் படம் பிடித்து "அடுத்து என்ன செய்யட்டும்" என்று சாட்பாட்டிடம் கேட்பது. கால்குலேட்டரிடம் கேள்வியை நான் தேர்ந்தெடுத்துக் கேட்கிறேன். எந்தக் கேள்வி முக்கியம் என்று கண்டுபிடிப்பதில்தான் ஆட்டமே இருக்கிறது. அதையும் சேர்த்துச் செய்து கொடுக்கிற டூலை வைத்துக்கொண்டு ஆடுகிறவர் ஆடவே இல்லை, பார்வையாளர்.

கணக்குப் பெட்டி தீங்கில்லாதது என்று நான் சொல்லவில்லை. 1998-ல் ஸ்பெயினின் லியோன் நகரத்தில் செஸ் கிராண்ட்மாஸ்டர்கள் காஸ்பரோவும் டோபலோவும் ஆளுக்கொரு கணினியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆறு ஆட்டம் ஆடினார்கள், 3-3 என்று சமனில் முடிந்தது. அதற்கு ஒரு மாதம் முன்பு கணினி இல்லாமல் ஆடிய குறைந்த நேர (ரேபிட்) ஆட்டங்களில் காஸ்பரோவ் அவரை 4-0 என்று துவைத்திருந்தார். இருவர் கையிலும் கணினி, விதி இருவருக்கும் ஒன்று, ஏமாற்று எதுவும் இல்லை, ஆனாலும் கணக்குப் போடுவதில் காஸ்பரோவுக்கு இருந்த தனிப்பலம் காணாமல் போய்விட்டது. "எல்லாருக்கும் கிடைக்கிறதுதானே" என்ற வாதத்துக்கு நான் முழுசாகத் தலையாட்டாததற்கு இதுதான் காரணம். எல்லாருக்கும் சமமாகக் கொடுத்தாலும் எது திறமை என்பது இடம் மாறிவிடுகிறது. 2005-ல் நடந்த, கணினி உதவியோடு ஆடலாம் என்ற ஃப்ரீஸ்டைல் செஸ் போட்டியில் கிராண்ட்மாஸ்டர்கள் இருந்தும், மூன்று கணினிகளை வைத்துக்கொண்டு ஆடிய இரண்டு அமெச்சூர்கள் ஜெயித்தார்கள். அது வேறு விளையாட்டு, சுவையான விளையாட்டுதான். ஆனால் வேறு என்பதை முதலிலேயே போர்டில் எழுதிவிட வேண்டும்.

தபால் செஸ் உலகம் இந்த எழுதிவிடும் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது. சர்வதேசத் தபால் செஸ் கூட்டமைப்பில் எஞ்சினுக்கு அனுமதி உண்டு, அதன் விலையாக உச்சிப் போட்டிகளில் ஆட்டங்கள் பெரும்பாலும் டிராவில் முடிகின்றன. லிசெஸ், செஸ்.காம் தளங்களில் ஒரு மூவுக்கு நாள்கணக்கில் நேரம் தரும் ஆட்டங்களில் ஓபனிங் புத்தகம் பார்க்கலாம், எஞ்சின் கூடாது. எங்கே கோடு போடுகிறார்கள் என்பதை நீங்கள் ஒப்புக்கொள்ளாமல் போகலாம், ஆனால் கோடு இருக்கிறது.

கோடு போடுவதைவிட நல்ல வழி ஒன்று உண்டு, டூலை ஆட்டத்துக்குள்ளேயே வைத்துவிடுவது. பேட்டில் ஃபார் வெஸ்நாத் என்ற உத்தி விளையாட்டை ஆடியவர்களுக்குத் தெரியும், தாக்குவதற்கு முன் ஒரு பட்டனை அழுத்தினால் இந்தச் சண்டையில் யாருக்கு எவ்வளவு உயிர் மிஞ்சும் என்ற வாய்ப்புகளை வரிசையாகக் காட்டிவிடும். 60 சதவீதத் தற்காப்பில் (அதாவது ஒவ்வொரு அடியும் பட 40 சதவீதம்தான் வாய்ப்பு) நிற்கும் ஆளை மூன்று முறை அடித்தால் ஒன்றாவது பட 78.4 சதவீதம், மூன்றும் பட 6.4 சதவீதம், இதையெல்லாம் யாரும் மனக்கணக்காகப் போட வேண்டியதில்லை. அதனால் அங்கே கால்குலேட்டர் சண்டை கிடையாது. அதற்குப் பதிலாக அதிர்ஷ்டத்தைத் திட்டி நாள் முழுக்கச் சண்டை போடுகிறார்கள், அது தனிக்கதை. கணக்கில் தடுமாறுகிறவர்கள், கண்பார்வை குறைந்தவர்கள், ஞாபகத்தில் சிரமம் உள்ளவர்கள் என்று டூல் நிஜமாகவே தேவைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆட்டத்துக்குள்ளேயே இருந்தால் அவர்கள் யாரிடமும் அனுமதி கேட்டு நிற்க வேண்டியதில்லை.

தகவல் விஷயத்திலும் இதே மருந்து வேலை செய்திருக்கிறது. 2014-ல் டெஃப்கான் என்ற ஹேக்கர் மாநாட்டில் ஹார்த்ஸ்டோன் எதிராளி அடுத்து எந்தச் சீட்டைப் போடுவார் என்று முந்தைய ஆட்டங்களின் தரவிலிருந்து கணிக்கும் டூல் ஒன்றைக் காட்டினார்கள். ஆட்டத்தையே கெடுத்துவிடும் என்று ஹார்த்ஸ்டோனை உருவாக்கிய பிளிஸார்ட் கேட்டுக்கொண்டதால் அதை வெளியிடவில்லை. அதே வகை வேலையை இன்று போகிமானில் ஒரு பிரவுசர் நீட்டிப்பு செய்கிறது, மாதாமாதம் வெளியாகும் பயன்பாட்டுப் புள்ளிவிவரத்தை எடுத்து எதிராளியிடம் என்னென்ன இருக்கக்கூடும் என்று ஆட்டத்தின் நடுவிலேயே காட்டுகிறது, யாரும் அலட்டிக்கொள்வதில்லை. போகிமான் நேரடிப் போட்டிகளில் வேறொரு தலைவலி இருந்தது. பெரிய நண்பர் கூட்டத்தோடு வருகிறவர் ஒவ்வொரு சுற்றிலும் யாரிடம் என்ன அணி என்ற தகவலைச் சேகரித்துவிடுவார், தனியாக வருகிறவர் குருட்டாட்டம் ஆடுவார். 2023 சீசனில் அணித்தாள்களை எதிராளிக்கு வெளிப்படையாகக் கொடுக்கும் முறை வந்தது. தாக்குதல்கள், பொருட்கள், திறன்கள் எல்லாம் தெரியும், பலப் புள்ளிகளை எப்படிப் பிரித்திருக்கிறார்கள் என்பது தெரியாது. ஒற்று வேலைக்கு இருந்த மதிப்பு பெரும்பாலும் அத்தோடு போயிற்று. ஆச்சரியம் செத்துவிட்டது என்று புலம்பியவர்கள் உண்டு. எனக்கென்னவோ போன நட்டத்தைவிட வந்த லாபம் பெரிது.

ஆட்டத்துக்கு வெளியே பயன்படுத்தும் டூல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. போகிமானை மணிக்கணக்கில் வளர்க்காமல் மென்பொருளால் நேராக உருவாக்கிக் கொண்டுவந்ததற்காக 2023 யோகோஹாமா உலகப் போட்டியில் பலர் தகுதி நீக்கப்பட்டார்கள். சட்டப்படி வளர்த்திருந்தாலும் அதே எண்கள்தான் வந்திருக்கும், களத்தில் ஒரு துளி பலம்கூடக் கூடுவதில்லை. அந்த விதி முட்டாள்தனமானது என்றே நினைக்கிறேன். ஆனால் மற்றவர்கள் அந்த விதிக்குக் கட்டுப்பட்டு அத்தனை மணி நேரம் செலவழித்திருக்கிறார்கள், அதனால் தண்டனையில் எனக்கு ஆட்சேபமில்லை.

இதையெல்லாம்விட என்னை எரிச்சலூட்டுவது சந்தேகம். நன்றாக ஆடினாலே "எஞ்சின் வைத்திருக்கிறான்" என்று எழுதிவிடுகிறார்கள். பயிற்சியின்போது கால்குலேட்டரோடே வாழ்ந்தவருக்கு எந்த அடி எவ்வளவு எடுக்கும் என்பது மனப்பாடம், அவர் ஆட்டத்தில் இரண்டே விநாடியில் சரியாக முடிவெடுப்பார். வெளியிலிருந்து பார்த்தால் இவருக்கும் ஏமாற்றுபவருக்கும் வித்தியாசம் தெரியாது. ஒரே ஒரு ஆட்டத்தை வைத்து நிரூபிக்கவே முடியாது, பல ஆட்டங்களில் தடம் தெரிய வேண்டும், இல்லை கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். 2019-ல் ஒரு கிராண்ட்மாஸ்டர் கழிப்பறையில் போனோடு சிக்கியது அப்படித்தான். 2022-ல் அப்போதைய உலக செஸ் சாம்பியன் கார்ல்சன், எதிராளி ஏமாற்றினார் என்று சந்தேகப்பட்டு செயின்ட் லூயிஸ் போட்டியைப் பாதியில் விட்டுப் போனார். தகுந்த காரணமில்லாமல் விலகியதற்காகப் பின்னால் அவருக்கே 10,000 யூரோ அபராதம் வந்தது. உலக சாம்பியனுடைய சந்தேகத்துக்கே அந்த மரியாதைதான் என்றால் சாட்டில் கத்துகிறவர்களின் சந்தேகத்துக்கு என்ன மரியாதை? சந்தேகம் வந்தால் ரீப்ளேயைச் சேமித்து நடத்துபவருக்கு அனுப்புங்கள், எதிராளியிடம் வாயை மூடிக்கொள்ளுங்கள்.

நாங்கள் நண்பர்கள் நடத்தும் லீக்கில் விதியை ரொம்பச் சுருக்கமாக வைத்திருக்கிறோம். கால்குலேட்டர், புள்ளிவிவரம் இரண்டும் இருவருக்கும் உண்டு, வேண்டாம் என்றால் ஆட்டத்துக்கு முன்பே இருவரும் பேசி விலக்கிக்கொள்ளலாம், மூவ் சொல்லிக் கொடுக்கும் எதுவும் கிடையாது. இதில் இன்னும் தீராமல் இருப்பது மனித டூல். வாய்ஸ் காலில் நண்பனை வைத்துக்கொண்டு ஆடுவது, ஸ்ட்ரீம் பார்ப்பவர்கள் "அதை மாத்து, இதை அடி" என்று எழுதுவதைப் படித்துக்கொண்டே ஆடுவது. மென்பொருள் இல்லை என்பதால் பலருக்கு இது உறுத்துவதே இல்லை, எனக்கோ இது அப்பட்டமான மூன்றாவது பெட்டி. அடுத்த சீசனுக்கு முன் இதை ஓட்டுக்கு விடப்போகிறோம், அணியைத் தேர்ந்தெடுக்கும்வரை யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம், முதல் முறை தொடங்கியதும் வாய்ஸ் கால் கட் என்பது என் பக்கத்து முன்மொழிவு. ஸ்ட்ரீம் செய்கிற இரண்டு பேர் ஏற்கெனவே முறைக்கிறார்கள்.