முதலில் பந்தி, பிறகுதான் தரிசனம்

சீக்கிய சமயத்தில் என்னை மிகவும் ஈர்ப்பது அதன் சமையற்கூடம்தான். அமிர்தசரஸ் பொற்கோயிலின் லங்கரில், அதாவது எல்லோருக்கும் இலவசமாக உணவளிக்கும் பொதுச் சமையற்கூடத்தில், இரவு பகலாக அடுப்பு எரிகிறது. தலையை மூடிக்கொண்டு யார் வேண்டுமானாலும் போகலாம். சாதி, மதம் எதையும் கேட்பதில்லை. தரையில் வரிசையாக அமர்ந்து, இரு கைகளையும் ஏந்தி ரொட்டி வாங்கிக்கொள்ள வேண்டும். எவ்வளவு பெரிய செல்வந்தருக்கும் அதே பருப்பு, அதே தரை. மாவு பிசைவது, பாத்திரம் துலக்குவது, ஏன், வந்தவர்களின் செருப்பைக் காப்பதுகூட அங்கே சேவைதான்.

இந்த வழக்கத்தைத் தொடங்கியவர் சீக்கிய சமயத்தின் முதல் குருவான நானக் (1469–1539). கடவுள் ஒருவரே, உருவமற்றவர் என்றார். இறை நாமத்தை நினை, நேர்மையாக உழை, இருப்பதைப் பகிர்ந்து உண். இதற்குத் துறவு தேவையில்லை, இல்லறமே போதும் என்றார். மூன்றாம் குருவான அமர்தாஸ், தம்மைக் காண வருவோர் முதலில் பந்தியில் அமர வேண்டும் என்றே விதித்தார்.

தீட்சை பெற்ற சீக்கியர்களின் சமூகமான கால்சாவை 1699இல் நிறுவிய குரு கோவிந்த் சிங்தான் கடைசி மனித குரு. வெட்டாத முடி, கிர்பான் என்ற குறுவாள், இரும்புக் காப்பு உள்ளிட்ட ஐந்து அடையாளங்கள் கால்சாவினருக்கு உரியவை. 1708 முதல் குரு கிரந்த சாகிப் என்ற நூலே குரு. நெசவாளர் கபீர், தோல் தொழில் செய்த ரவிதாஸ், இஸ்லாமிய ஞானி ஷேக் ஃபரீத் ஆகியோரின் பாடல்களும் அதில் இருக்கின்றன. சீக்கியர்கள் தலை தாழ்த்தி வணங்குவது அந்த நூலைத்தான்.