டாங்மியர்: புறப்பட்ட மண்ணுக்கே திரும்பிய விமானங்கள்

இங்கிலாந்தின் தென்கடற்கரையை ஒட்டிய மேற்கு சஸ்ஸெக்ஸில், சிச்செஸ்டர் நகருக்குக் கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில் டாங்மியர் என்ற சிற்றூர் இருக்கிறது. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1917-இல் அங்கே உருவாக்கப்பட்ட விமானத்தளத்தை 1970-இல் பிரிட்டிஷ் விமானப்படை கைவிட்டது. ஓடுபாதையின் பெரும்பகுதி பெயர்த்தெடுக்கப்பட்டுவிட்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஹரிக்கேன், ஸ்பிட்ஃபயர் போர் விமானங்கள் உருண்டோடிய நிலத்தின் ஒரு பகுதியில் இன்று குடைமிளகாய் விளையும் பெரிய கண்ணாடிக்குடில்கள் நிற்கின்றன. அந்தப் பழைய தளத்தின் ஓரத்தில் 1982-இல் தன்னார்வலர்கள் தொடங்கிய விமான அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. பல ஆண்டுகளாக நான் பார்க்க விரும்பிய இரண்டு விமானங்கள் அங்கே இருப்பதால்தான் அந்த ஊரைத் தேடிச் சென்றேன்.

ஒன்று, குளோஸ்டர் மீட்டியர் ஈ.ஈ. 549. மற்றொன்று, ஹாக்கர் ஹண்டர் வகையின் முதல் முன்மாதிரியான டபிள்யூ.பி. 188. இரண்டும் உலக வேகச் சாதனை படைத்தவை. இரண்டும் டாங்மியரிலிருந்தே புறப்பட்டு, அருகிலுள்ள லிட்டில்ஹாம்ப்டன் கடற்கரையை ஒட்டிப் பறந்து அச்சாதனையை நிகழ்த்தின. நாள்கூட ஒன்றுதான்: மீட்டியர் 1946 செப்டம்பர் 7, ஹண்டர் 1953 செப்டம்பர் 7. பெரிய நகரங்களின் அருங்காட்சியகங்களில் இவற்றைவிடப் புகழ்பெற்ற விமானங்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு விமானம் எந்த மண்ணிலிருந்து எழுந்து தன் பெயரை நிலைநாட்டியதோ அதே மண்ணில் அதன் உண்மையான உடல் நிற்பதைக் காண்பது வேறு வகையான அனுபவம் என்பதை டாங்மியரில்தான் உணர்ந்தேன்.

மீட்டியரிலிருந்து தொடங்குகிறேன். 1946 கோடையில் பிரிட்டிஷ் விமானப்படை தன் அதிவேகப் பறப்புப் பிரிவை மீண்டும் உருவாக்கி டாங்மியரில் நிறுத்தியது. அதன் தலைவர் குரூப் கேப்டன் எட்வர்ட் டொனால்ட்சன். முந்தைய ஆண்டு நவம்பரில் மற்றொரு மீட்டியர் மணிக்கு 606 மைல், அதாவது சுமார் 975 கிலோமீட்டர் வேகத்தை எட்டியிருந்தது. அதை முறியடிக்க, மெருகேற்றிய உலோகப் பரப்பும் வலுவூட்டிய விமானி அறை மூடியும் கொண்ட ஈ.ஈ. 549 அணியமாக்கப்பட்டது. ரோல்ஸ்-ராய்ஸ் தன் நீன் எஞ்சினின் அளவைச் சுருக்கி வடிவமைத்த டெர்வென்ட் 5 எஞ்சின்கள் இரண்டு அதன் இறக்கைகளில் பொருத்தப்பட்டிருந்தன. செப்டம்பர் 7 அன்று கிடைத்த சராசரி வேகம் மணிக்கு 616 மைல், ஏறத்தாழ 991 கிலோமீட்டர்.

அந்தக் காலத்துச் சாதனை விதிகளை அறியாமல் இந்த எண்ணின் கடினத்தை உணர முடியாது. மூன்று கிலோமீட்டர் நீளமுள்ள நேர்த்தடத்தில் விமானம் நான்கு முறை, இரு திசைகளிலும் மாறி மாறிப் பறக்க வேண்டும். காற்று ஒரு பக்கம் தள்ளுவதும் மறுபக்கம் தடுப்பதும் சராசரியில் சமனாகிவிடும். உயரத்திலிருந்து சரிந்து இறங்கி வேகத்தைக் கடன் வாங்கிவிடக் கூடாது என்பதற்காக, 100 மீட்டருக்கும் குறைந்த உயரத்திலேயே முழுத் தடத்தையும் கடக்க வேண்டும். ஜெட் விமானத்துக்கு இது தனக்கு ஒவ்வாத இடத்தில் ஓட வேண்டிய நிலை. கடல்மட்டத்தில் காற்று அடர்த்தியானது, இழுவை மிகுதி, சிறு கொந்தளிப்பும் அந்த வேகத்தில் சம்மட்டி அடியாக இறங்கும். மணிக்கு 991 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று கிலோமீட்டர் என்பது 11 விநாடிக்கும் குறைவான நேரம். அந்த 11 விநாடியும் விமானி தன் கைகளால் இயந்திரத்தை அலைகளுக்கு மேலே ஒரே கோட்டில் பிடித்திருக்க வேண்டும்.

இவற்றையெல்லாம்விட என்னை ஈர்ப்பது வெப்பநிலை. ஒலியின் வேகத்தை நெருங்கும்போது இறக்கையின் மேல் காற்று நெருக்குண்டு அதிர்வலைகள் உருவாகின்றன. இழுவை திடீரென்று பெருகுகிறது. கட்டுப்பாட்டுப் பரப்புகள் சொன்னபடி கேட்பதில்லை. இந்தத் தொல்லை எந்தக் கட்டத்தில் தொடங்கும் என்பதை முடிவு செய்வது மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கு அன்று. அப்போதைய ஒலிவேகத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கு. ஒலிவேகமோ காற்றின் வெப்பத்தோடு கூடுகிறது. வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் ஒலியின் வேகம் மணிக்கு ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் உயரும். ஆகவே வெப்பமான நாளில் அதே விமானம் அதே தொல்லையைச் சந்திக்கும் முன் இன்னும் சற்று விரைவாகப் பறந்துவிடலாம். வெயிலைக் கெஞ்சிக் கேட்க வேண்டிய இந்தப் போட்டியை, வெயிலுக்குப் பெயர் பெறாத இங்கிலாந்துக் கடற்கரையில் நடத்தினார்கள் என்பதை எண்ணும்போது டொனால்ட்சன் எட்டிய வேகத்தின் மீதான மதிப்பு எனக்கு மேலும் கூடுகிறது.

அடுத்தது ஹண்டர். அதன் முன்னால்தான் நான் மிக அதிக நேரம் நின்றேன். ஹரிக்கேனை வடிவமைத்த சிட்னி காம் உருவாக்கிய இந்த முன்மாதிரி, 1951 ஜூலை 20 அன்று பாஸ்கம் டவுன் தளத்தில் சோதனை விமானி நெவில் டியூக்கின் கையில் முதன்முறையாக வானேறியது. அப்போது வெளிர்பச்சையாக இருந்த அதற்குச் சாதனை முயற்சிக்காகச் சிவப்பு வண்ணம் பூசினார்கள். இன்றும் அந்தச் சிவப்பிலேயே நிற்கிறது. பின்னெரிப்பு வசதி (வெளியேறும் வாயுவில் மேலும் எரிபொருளை எரித்து உந்துவிசை கூட்டுவது) கொண்ட ஏவான் எஞ்சினும், கூர்மையாக நீட்டப்பட்ட மூக்கும் அந்த முயற்சிக்காகவே சேர்க்கப்பட்டவை. பின்னோக்கிச் சாய்ந்த இறக்கையின் வேர் உடலோடு இணையும் வளைவை அருகிலிருந்து பார்த்தால், எங்கே உடல் முடிகிறது, எங்கே இறக்கை தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்டுவது கடினம். தாள்களில் கோடுகளாக இருந்த ஓர் எண்ணம் உலோகமாகும்போது இவ்வளவு தூய்மையாக வந்து நிற்பது அரிது. நான் பார்த்த ஜெட் போர் விமானங்களில் மிக அழகானது இதுதான் என்று தயக்கமில்லாமல் சொல்வேன்.

சாதனைக்கு முன் நடந்த பறத்தல்களில் ஒன்றில், உச்ச வேகத்தில் தரைச்சக்கரக் கால்களில் ஒன்று தன் அறையிலிருந்து பிடுங்கப்பட்டு வெளியே வந்துவிட்டது. டியூக் பதறாமல் விமானத்தை டன்ஸ்ஃபோல்ட் தளத்துக்குக் கொண்டுசென்று, எஞ்சிய கால்களைக் கொண்டே தரையிறக்கினார். பழுது பார்க்கப்பட்டு மீண்டும் புறப்பட்ட அதே விமானத்தில் செப்டம்பர் 7 அன்று அவர் எட்டிய சராசரி மணிக்கு 727.6 மைல், அதாவது 1,171 கிலோமீட்டர். மூன்று கிலோமீட்டர் தடம் ஏறத்தாழ ஒன்பது விநாடிகளில் முடிந்துவிட்டது. பன்னிரண்டு நாள் கழித்து, 100 கிலோமீட்டர் சுற்றுத்தடச் சாதனையையும் அவர் இதே விமானத்தில் நிகழ்த்தினார்.

நேர்த்தட வேகத்தில் ஹண்டர் பெற்ற முதலிடம் மூன்று வாரம்கூட நிலைக்கவில்லை. விமானி மைக் லித்கோ ஒரு சூப்பர்மரின் ஸ்விஃப்ட் ஜெட் விமானத்தை லிபியாவின் வெப்பத்துக்குக் கொண்டுசென்று, செப்டம்பர் 25 அன்று மணிக்கு 735.7 மைல் பறந்தார். வெயிலின் கணக்கை மேலே சொன்னதற்குக் காரணம் இதுதான். டாங்மியரில் ஒரு ஸ்விஃப்ட்டும் இருக்கிறது, லித்கோ பறந்தது அன்று. வானில் எதிரியை இடைமறிக்கும் போர் விமானமாக அந்த வகை தோல்வியுற்றது. ஆயினும் தாழப் பறந்து படமெடுக்கும் உளவு விமானமாக அது நன்றாகவே உழைத்தது. தோற்ற வடிவமைப்பு என்று ஒரே சொல்லில் அதை ஒதுக்குவது நியாயமல்ல என்பது என் கருத்து. ஹண்டரோ ஏறத்தாழ 2,000 எண்ணிக்கையில் கட்டப்பட்டுப் பல நாடுகளுக்குச் சென்றது. 1971 டிசம்பரில் லோங்கேவாலா பாலைவனத்தில் பாகிஸ்தான் டாங்குகளைத் தடுத்து நிறுத்திய இந்திய விமானப்படையின் ஹண்டர்கள் எல்லாம் இந்தச் சிவப்பு முன்மாதிரியின் வழிவந்தவைதாம்.

முன்மாதிரிகள் பொதுவாகத் தப்பிப் பிழைப்பதில்லை. அவை சோதிக்கப்படுவதற்காகவே கட்டப்படுகின்றன; வெட்டப்படுகின்றன, மாற்றப்படுகின்றன, சில விழுந்து நொறுங்குகின்றன. டபிள்யூ.பி. 188 தப்பியதற்குக் காரணம், பறப்பிலிருந்து ஓய்வு பெற்றபின் அதைத் தொழில்நுட்பப் பயிற்சியாளர்கள் பிரித்துப் பூட்டிக் கற்றுக்கொள்ளும் பாடப்பொருளாக விமானப்படை வைத்துக்கொண்டதுதான். ஈ.ஈ. 549-உம் அப்படியே பிழைத்தது. யாரும் நினைவுச்சின்னமாகக் கருதிக் காத்ததால் அல்ல, மாணவர்களுக்குப் பயன்பட்டதால் அவை நம்மிடம் வந்து சேர்ந்திருக்கின்றன.

இதே கூடத்துச் சூழலில் நிற்கும் மற்றொரு விமானம் இதன் மறுபக்கத்தைச் சொல்கிறது. ஸ்பிட்ஃபயரின் முதல் முன்மாதிரி கே 5054-இன் முழு அளவு நகல் அது. அசல் விமானம் 1936 மார்ச் 5 அன்று ஈஸ்ட்லி தளத்தில் வானேறியது. அதன் வடிவமைப்பாளர் ஆர்.ஜே. மிட்செல் அடுத்த ஆண்டு ஜூன் மாதத்திலேயே மறைந்தார். பிரிட்டன் போரை அறிவித்த மறுநாள், 1939 செப்டம்பர் 4 அன்று, ஃபார்ன்பரோவில் தரையிறங்கும்போது அது நொறுங்கியது. அதில் காயமுற்ற விமானி பின்னர் இறந்தார். பின்னாளில் 20,000-க்கும் மேல் கட்டப்பட்ட ஒரு விமான வகையின் மூத்த பிள்ளை இன்று நம்மிடம் இல்லை. நகல் மிகுந்த அக்கறையோடு செய்யப்பட்டிருக்கிறது, செய்தவர்களை நான் மனமாரப் போற்றுகிறேன். இருந்தும் அதன் முன்னால் நின்ற நேரமும் ஹண்டரின் முன்னால் நின்ற நேரமும் எனக்கு ஒன்றாக இல்லை. நகலின் தோல் எந்தக் காற்றையும் சந்தித்ததில்லை. ஹண்டரின் தோல் சந்தித்திருக்கிறது.

லைட்னிங், ஃபேண்டம், சீ விக்சன் போன்ற பிற்கால விமானங்களும் டாங்மியரில் இருக்கின்றன. அவற்றை விரைவாகவே பார்த்து முடித்தேன். அவற்றை வேறு இடங்களிலும் பார்க்கலாம். இந்த மண்ணுக்கே உரிய வேறு இரண்டு செய்திகள்தாம் என்னை வெளியே இழுத்தன.

முதலாவது 1940 ஆகஸ்ட் 16. அன்று நண்பகலைத் தாண்டிய வேளையில் ஜெர்மானிய ஸ்டூகா விமானங்கள் செங்குத்தாகப் பாய்ந்து இந்தத் தளத்தைத் தாக்கின. விமானக் கொட்டகைகள் சிதறின. தரையில் இருந்தோர் பலர் உயிரிழந்தார்கள். 601-ஆம் ஸ்குவாட்ரனைச் சேர்ந்த அமெரிக்கர் பில்லி ஃபிஸ்க், ஒலிம்பிக் பாப்ஸ்லெட் (பனிச்சறுக்கு வண்டி) போட்டியில் 1928-இலும் 1932-இலும் தங்கம் வென்றவர், தீப்பற்றிய தன் ஹரிக்கேனைக் கைவிடாமல் குண்டுகள் விழுந்த இதே களத்தில் கொண்டுவந்து இறக்கினார். மறுநாள் மருத்துவமனையில் இறந்த அவர், அருகிலுள்ள பாக்ஸ்குரோவ் தேவாலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.

இரண்டாவது, வேகத்துக்கு முற்றிலும் எதிரான ஒரு கதை. 161-ஆம் ஸ்குவாட்ரனின் லைசாண்டர் விமானங்கள், நிலவு ஒளி வீசும் இரவுகள் வரும்போதெல்லாம் தம் தளத்திலிருந்து டாங்மியருக்கு வந்து தங்கும். பிரான்சுக்கு இங்கிருந்து தொலைவு குறைவு. மணிக்கு 340 கிலோமீட்டரை எட்டுவதே கடினமான, உடலின் மேற்புறத்தில் இறக்கை கொண்ட அந்த விமானத்தில் ஒரே ஒரு விமானி. அவர் மடியில் வரைபடம், வெளியே நிலவொளியில் மின்னும் ஆறு. எதிரி ஆண்ட நாட்டுக்குள் போய், ஏதோ ஒரு வயலில் தலைகீழான எல் எழுத்து வடிவில் வைக்கப்பட்ட மூன்று கைவிளக்குகளை நம்பி இறங்க வேண்டும். சில நிமிடங்களில் இரகசிய முகவர்களை இறக்கி, திரும்புவோரை ஏற்றிக்கொண்டு எழும்ப வேண்டும். தளத்தின் முதன்மை வாயிலுக்கு எதிரே இருந்த ஒரு வீட்டில்தான், புறப்படுவோர் கடைசி உணவை உண்டு காத்திருந்தார்கள்.

1943 ஜூன் 16 இரவில் அப்படிப் புறப்பட்டவர்களில் ஒருவர் நூர் இனாயத் கான். திப்பு சுல்தானின் வழிவந்தவர், சூஃபி ஞானியும் இசைவாணருமான இனாயத் கானின் மகள், ஆக்கிரமிக்கப்பட்ட பிரான்சுக்கு பிரிட்டனிலிருந்து அனுப்பப்பட்ட, வானொலிக் கருவியில் இரகசியச் செய்தி அனுப்பும் முதல் பெண் முகவர். அவர் பாரிஸ் சேர்ந்த சில நாட்களிலேயே அவருடைய இரகசியக் குழுவினர் பலர் பிடிபட்டனர். திரும்பி வருமாறு அழைத்தபோதும் வர மறுத்துத் தொடர்ந்து செய்தி அனுப்பினார். அக்டோபரில் கைதான அவர், 1944 செப்டம்பர் 13 அன்று டாஹவ் முகாமில் கொல்லப்பட்டார். 1949-இல் அவருக்கு பிரிட்டனின் உயரிய வீர விருதான ஜார்ஜ் கிராஸ் வழங்கப்பட்டது.

மீட்டியரும் ஹண்டரும் பறந்த வேகத்தை விநாடியின் சிறு பங்கு வரை அளந்து, கையெழுத்திட்டு, உலகுக்கு அறிவித்தார்கள். லைசாண்டர்கள் புறப்பட்ட நேரத்தை வாயிலருகே இருந்த கிராமத்தவர்கள்கூட அறியவில்லை. ஒரே மண் இரண்டையும் வானுக்கு அனுப்பியது. நான் கூடத்தை விட்டு வெளியே வந்தபோது மாலை ஐந்து மணி இருக்கும். கண்ணாடிக்குடில்களின் வேலியை ஒட்டி நடந்து, தெற்கே திரும்பி நின்றேன். கடல் அங்கிருந்து கண்ணுக்குத் தெரியாது. அந்த ஜூன் இரவில் நூரை ஏற்றிச் சென்ற லைசாண்டர் அந்தத் திசையில்தான் போனது. விடிவதற்கு முன் வேறு பயணிகளோடு இதே களத்துக்குத் திரும்பியும் வந்தது.