சோரென்சன்: எழுதிக்கொடுத்தவர் வாக்குக் கேட்டபோது

ஜூன் 4

இந்த மாதம் டெட் சோரென்சனைப் பற்றிப் படிக்க உட்கார்ந்திருக்கிறேன். நெப்ராஸ்கா மாநிலத்துக்காரர். 1953இல், 24 வயதில், புதிதாக செனட்டர் ஆகியிருந்த, பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜான் கென்னடியிடம் வேலைக்குச் சேர்ந்தார். அதிலிருந்து கென்னடி இறக்கும்வரை அவருடைய பெரிய பேச்சுகளில் இவர் கை இருக்கிறது.

ஜூன் 7

பதவியேற்பு உரை சுருக்கமாக இருக்கவேண்டும் என்றார் கென்னடி. லிங்கனின் கெட்டிஸ்பர்க் உரையின் ரகசியம் என்னவென்று பார்க்கவும் சொன்னார். சோரென்சன் கண்டது இதுதான்: ஒரு சொல் போதுமான இடத்தில் லிங்கன் இரண்டு போடவில்லை, சின்னச் சொல் இருக்கும்போது பெரிய சொல்லைத் தேடவில்லை. 1961 ஜனவரி 20 அன்று கென்னடி 14 நிமிடத்துக்குள் முடித்துவிட்டார். அந்த உரையைச் சத்தமாக வாசித்துப் பார்த்தேன். நீளமான வாக்கியத்திலும் மூச்சு விட இடம் வைத்திருக்கிறார்.

ஜூன் 11

இருந்தாலும் எனக்குப் பெரியது 1963 ஜூன் 10, அமெரிக்கன் பல்கலைக்கழக உரைதான். அமெரிக்காவும் சோவியத்தும் அணு ஆயுதப் போரின் விளிம்புவரை போன கியூபா ஏவுகணை நெருக்கடி முடிந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. உலகப் போரில் சோவியத் மக்கள் இழந்ததை ஓர் அமெரிக்க அதிபர் மரியாதையோடு எடுத்துச் சொல்கிறார். மற்ற நாடுகள் செய்யாதவரை வளிமண்டலத்தில் அணுகுண்டுச் சோதனை செய்யமாட்டோம் என்று அறிவிக்கிறார். ஆகஸ்டிலேயே மாஸ்கோவில் சோதனைத் தடை ஒப்பந்தம் கையெழுத்தானது.

சோரென்சனை வெறும் வார்த்தை ஜோடிப்பவர் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. ஏவுகணை நெருக்கடியின்போது முடிவெடுக்கும் அறையிலேயே உட்கார்ந்திருந்தவர் அவர். பேச்சில் சத்து இருப்பது அதனால்தான்.

ஜூன் 15

சரி, 1970. ஜானின் தம்பி ராபர்ட் கென்னடி கொல்லப்பட்டபின் அவருடைய நியூயார்க் செனட் இடத்துக்கு ஆளுநர் ராக்பெல்லர் சார்லஸ் குடெலை நியமித்திருந்தார். அந்த இடத்துக்குத்தான் சோரென்சன் போட்டியிட்டார். ஜனநாயகக் கட்சியின் மாநிலக் குழு இவரை ஆதரித்தது. ஆனால் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரி தேர்தலில் நால்வர் நின்றார்கள். ரிச்சர்ட் ஆட்டிங்கருக்குக் குடும்பப் பணம் இருந்தது, தொலைக்காட்சி விளம்பரங்களில் கொட்டினார். வியட்நாம் போர் எதிர்ப்பாளர்களிடம் பால் ஓட்வையருக்குச் செல்வாக்கு. ஆட்டிங்கர் ஜெயித்தார், சோரென்சனுக்கு மூன்றாம் இடம்.

கென்னடி பெயரைச் சொன்னால் அதை வைத்துப் பிழைக்கிறார் என்பார்கள், சொல்லாவிட்டால் இவர் யார் என்பார்கள். தன் குரலை இன்னொருவர் குரலில் கரைத்தே பழகியவருக்கு இதைவிடக் கடினமான மேடை இருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

நவம்பரில் ஆட்டிங்கரும் குடெலும் வாக்குகளைப் பிரித்துக்கொள்ள, கன்சர்வேட்டிவ் கட்சியின் ஜேம்ஸ் பக்லி 39 விழுக்காடுகூட வாங்காமல் ஜெயித்துவிட்டார்.

ஜூன் 20

1977இல் ஜிம்மி கார்ட்டர் இவரை அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ.வின் தலைவராக்க நினைத்தார். இளவயதில் ராணுவத்தில் ஆயுதம் ஏந்தாத பணிக்கு மட்டுமே பதிவு செய்துகொண்டவர் என்பதையும் ஒரு குற்றமாகக் கிளப்பினார்கள். செனட்டில் ஆதரவு இல்லையென்று தெரிந்ததும் விலகிக்கொண்டார். 1963 உரையை எழுதிய மனிதருக்கு அந்தப் பதிவு பெருமைதான், என்னைக் கேட்டால்.

2001இல் பக்கவாதம் வந்து பார்வை பெரும்பாலும் போனது. அதற்குப் பிறகும் தன் வாழ்க்கையை நூலாக எழுதினார், ஒபாமாவுக்காகப் பிரசாரமும் செய்தார். அந்த நூலைத்தான் அடுத்து எடுத்திருக்கிறேன்.