கிளிப்பா, மேகசினா?

"இந்த கிளிப்பை எப்படிப் போடுவது?" என்று அந்தப் பெண் கேட்டதும் பக்கத்தில் சிரிப்பு.

டெக்சஸில் ஒரு துப்பாக்கி சுடும் கூடம், இன்று காலை. அவருக்கு அதுதான் முதல் நாள்.

"அது கிளிப் இல்லைம்மா, மேகசின்."

வித்தியாசம் உண்மைதான். மேகசின் என்பது துப்பாக்கியின் தோட்டாப் பெட்டி; அதற்குள் ஸ்பிரிங் உண்டு, தோட்டாவை மேலே தள்ளும். கிளிப் தோட்டாக்களைச் சேர்த்துப் பிடிக்கும் தகடு. 1936-ல் அமெரிக்க ராணுவம் ஏற்ற எம்1 கேரண்ட் என்ற நீளத் துப்பாக்கியில் 8 தோட்டாக்களோடு கிளிப்பே உள்ளே போகும்.

சரி, ஆனால் அதற்குப் பிறகு அவர் எதையுமே கேட்கவில்லை. தோட்டா சிக்கியபோதுகூட.

எனக்குப் பயம் வந்தது அப்போதுதான். பெயர் நாலு நாளில் பழகிவிடும். சிக்கிய துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கக் கூசுகிறாரே!

பக்கத்தில் போனேன். "முனை இலக்கைப் பார்த்தே இருக்கட்டும். விரலை விசையிலிருந்து எடுங்கள்."

எடுத்தார். அப்புறம் மெதுவாக, "இன்னொன்று கேட்கலாமா?" என்றார்.